ஃபிரேம்வொர்க்கில் கண்டிப்பு எங்கே வேண்டும்: பிஎச்பியோடு நீண்ட நாள் பழகியதில்

பிஎச்பி என்ற வெப் புரோகிராமிங் மொழிக்கான ஃபிரேம்வொர்க்குகளில்தான், அதாவது ஆயத்தமாகக் கிடைக்கும் அடித்தள நிரல்களில்தான், என் வேலை; அவற்றில் ஒன்றான கேக்பிஎச்பியின் 1.3 பதிப்புக் காலத்திலிருந்தே. மொழியின் விதியை ஃபிரேம்வொர்க் அச்சுப் பிசகாமல் பின்பற்ற வேண்டுமா, எழுதும் நிரல் எளிமையாக இருந்தால் போதாதா என்ற வாக்குவாதம் அன்றிலிருந்தே ஓயவில்லை. என் கட்சி இதுதான்: ஃபிரேம்வொர்க்கின் கிளாஸை நாம் எக்ஸ்டெண்ட் செய்யும் (அதன்மேல் நம் கிளாஸைக் கட்டும்) இடத்தில் கண்டிப்பு கட்டாயம் வேண்டும். மற்ற இடங்களில் கொஞ்சம் விட்டுக்கொடுக்கலாம்.

1.3 பதிப்பு பிஎச்பி 4, 5 இரண்டிலும் ஓடியாக வேண்டும். அதனால் பிஎச்பி 5-க்குப் பிடிக்காத பழைய வழக்கங்கள் அதில் ஏராளம். 2011-ல் வந்த 2.0 பிஎச்பி 4-ஐக் கைவிட்டது. அடுத்த வருஷமே பிஎச்பி 5.4 வந்து, இ_ஸ்ட்ரிக்ட் என்ற விதிமீறல் எச்சரிக்கைகளையும் இ_ஆல் என்ற 'எல்லா எச்சரிக்கையும் காட்டு' அமைப்புக்குள் சேர்த்துவிட்டது. அதுவரை கண்ணில் படாததெல்லாம் லாகில் வந்து கொட்டியது.

அதில் அதிகம் வந்தது மெத்தட் சிக்னேச்சர், அதாவது ஒரு மெத்தட் என்னென்ன பாராமீட்டர்களை வாங்குகிறது என்ற அறிவிப்பு, பேரன்ட் கிளாஸோடு பொருந்தவில்லை என்ற புகார். மாடலில் (டேட்டாவைக் கையாளும் கிளாஸில்) சேமிக்கும் முன் ஓடும் பிஃபோர்சேவ் மெத்தடை எழுதுகிறோம். பேரன்ட் கிளாஸில் அதற்கு ஆப்ஷன்ஸ் என்று ஒரு பாராமீட்டர் உண்டு. நமக்கு அது தேவையில்லை என்று வெறும் அடைப்புக்குறியோடு விட்டால், அன்றைக்கு வேலை நடந்தது, எச்சரிக்கை மட்டும் வந்தது. தொடாத பாராமீட்டரை எதற்கு எழுதுவது என்று எச்சரிக்கையை அணைத்து வைத்தவர்கள் நிறையப் பேர். பிஎச்பி 7.0 அதை இன்னும் கடுமையான வார்னிங் ஆக்கியது. 2020-ல் 8.0 வந்தபோது நிரலையே நிறுத்திவிடும் ஃபேட்டல் எரர்! பழைய ப்ராஜெக்ட் ஒன்றை 8-க்கு மாற்றும்போது ஒவ்வொரு மாடலாகத் திறந்து இதைத்தான் திருத்திக்கொண்டிருந்தேன். ஃபிரேம்வொர்க் ஆரம்பத்திலேயே கறாராக இருந்திருந்தால் இந்த வேலையே வந்திருக்காது.

எல்லா எச்சரிக்கையும் இப்படி முற்றவில்லை. ஸ்ட்ரிங்கைத் துண்டுகளாக்கும் எக்ஸ்ப்ளோடு கொடுத்த விடையை, கடைசித் துண்டை எடுக்கும் எண்டு ஃபங்ஷனுக்குள் நேரடியாகப் போட்டால் இன்றும் வெறும் நோட்டீஸ்தான். ஒரு வேரியபிள் சேர்த்தால் தீர்ந்தது. சண்டை போடும் அளவுக்கு அதில் ஒன்றுமில்லை.

ஸ்ட்ரிக்ட் டைப்ஸ் விஷயத்தில் மட்டும் நான் எளிமையின் பக்கம். எண் கேட்கும் இடத்தில் ஸ்ட்ரிங் (எழுத்துச்சரம்) வந்தால் தானாக மாற்றாமல் பிழை சொல்லவைக்கும் வரி அது. 2015-ல் பிஎச்பி 7.0-ஓடு வந்தது. கேக்பிஎச்பி 4 அதைத் தன் ஃபைல்களில் போட்டுக்கொண்டது, இன்னொரு ஃபிரேம்வொர்க்கான லாரவெல் போடவில்லை. யூஆர்எல்லில் வரும் 5 என்பது ஸ்ட்ரிங். கன்ட்ரோலரில் (கோரிக்கைக்குப் பதில் தரும் கிளாஸில்) ஐடியை இன்ட், அதாவது முழு எண், என்று அறிவித்திருந்தாலும், லாரவெல் அதை அழைக்கும்போது பிஎச்பியே அந்த ஸ்ட்ரிங்கைத் தானாக எண்ணாக்கிவிடுகிறது. இதில் பலருக்கும் புரியாத ஒன்று உண்டு: ஸ்ட்ரிக்ட் டைப்ஸ் கட்டுப்படுத்துவது அழைப்பு கிளம்பும் ஃபைலை. என் கன்ட்ரோலர் ஃபைலில் அந்த வரி இருந்தாலும், அழைப்பது ஃபிரேம்வொர்க்கின் ஃபைல் என்பதால் அங்கே தளர்வான விதியே செல்லும். வெளியிலிருந்து வருவதெல்லாம் ஸ்ட்ரிங்காகவே வரும் வெப்புக்கு இது ரொம்பப் பொருத்தம். ஐந்துக்குப் பதில் ஏபிசி வந்தால் டைப்எரர் எப்படியும் வரத்தான் செய்யும். அதற்கு ரூட்டிலேயே (எந்த யூஆர்எல் எந்த கன்ட்ரோலருக்குப் போகும் என்று சொல்லும் இடத்தில்) எண் மட்டும் என்று ஒரு கட்டுப்பாடு வைத்துவிடுகிறேன்.