யார் முதல் ஆட்டக்காரர்? வீட்டு ஆர்க்கேட் பலகையில் மூன்று என்கோடர்கள், ஆறு ஆண்டுகள்

"பெரியப்பா, நான் குச்சியை ஆட்டினா உங்க ஆள்தான் நடக்கிறான்!" என்று தம்பி மகள் கத்திய அன்றுதான் என்கோடர் விஷயத்தை நான் உட்கார்ந்து படிக்க ஆரம்பித்தேன். காசு போட்டு ஆடும் பழைய ஆர்க்கேட் விளையாட்டுகளை வீட்டுக் கணினியில் ஆட, 2018-ல் பிளைவுட்டை அறுத்து நானே செய்த பலகை அது. இரண்டு பேர் ஆடலாம். ஆளுக்கு ஒரு ஜாய்ஸ்டிக், ஆறு பட்டன். முந்தின நாள் இரவு எல்லாம் சரியாக இருந்தது. காலையில் கணினியைப் போட்டதும் இடது பக்கம் இரண்டாவது ஆட்டக்காரராக மாறியிருந்தது.

புதிதாகச் செய்பவர்களுக்காக ஒரு வார்த்தை. பட்டனுக்கு அடியில் இருப்பது வெறும் மைக்ரோ சுவிட்ச். அழுத்தினால் இரண்டு முனைகள் சேரும், அவ்வளவுதான். அதைக் கீபோர்டு எழுத்தாகவோ கேம்பேடு பட்டனாகவோ மாற்றி யுஎஸ்பி வழியே கணினிக்குச் சொல்வது என்கோடர்.

நான் முதலில் போட்டது 'ஜீரோ டிலே' என்ற பெயரில் பல கடைகளிலும் கிடைக்கும் மலிவான போர்டு, ஆளுக்கு ஒன்று. ஒயர்கள் கூடவே வரும், செருகினால் போதும், சால்டரிங் வேலையே இல்லை. ஒருவர் மட்டும் ஆடும் பலகைக்கு இன்றும் அதையே வாங்கச் சொல்வேன். இரண்டாவது போர்டு சேரும்போதுதான் தலைவலி. என்னிடம் இருந்த இரண்டும் கணினியிடம் ஒரே பெயரையும் ஒரே அடையாள எண்ணையும் காட்டின. தனித்தனி சீரியல் எண் கிடையாது. எது முதலில் கண்ணில் படுகிறதோ அது ஒன்று, மற்றது இரண்டு. லினக்ஸில் எந்த யுஎஸ்பி துளையில் செருகியிருக்கிறது என்பதை வைத்து வரிசையைப் பூட்ட முடியும். அப்படி ஒரு விதி எழுதி வைத்தேன், பல மாதம் ஒழுங்காக ஓடியது. தீபாவளிக்கு வீட்டைச் சுத்தம் செய்தபோது கேபிள்கள் துளை மாறின, மறுபடியும் ஆள் மாறாட்டம்.

ஆனால் என்னிடம் கேட்பவர்கள் எல்லோரும் கேட்பது, பட்டனை அழுத்துவதற்கும் திரையில் அது தெரிவதற்கும் இடையிலான தாமதத்தைப் பற்றித்தான். கணக்கைப் பாருங்கள். நொடிக்கு 60 படம் ஓடும் விளையாட்டில் ஒரு படம் திரையில் நிற்பது சுமார் 16.7 மில்லிநொடி. கணினி என்கோடரை நொடிக்கு 125 தடவை விசாரித்தால் இடைவெளி 8 மில்லிநொடி, 1000 தடவை விசாரித்தால் 1 மில்லிநொடி. சண்டை விளையாட்டில் போட்டிக்குப் போகிறவர்களுக்கு அந்த வித்தியாசம் முக்கியம்தான். போன் கேமராவில் 240 படம் வேகத்தில் விரலையும் திரையையும் சேர்த்துப் பிடித்து மூன்று போர்டுகளையும் ஒப்பிட்டேன். என் கண்ணுக்குத் தெரிகிற மாற்றம் எதுவும் இல்லை. அதே டிவியில் தாமதத்தைக் குறைக்கும் கேம் மோடு போட்டதும் தெரிந்த மாற்றம் அவ்வளவு பெரியது. முதலில் அதைப் போட்டுப் பார்த்துவிட்டு என்கோடரைச் சந்தேகப்படுங்கள்.

2020 இறுதியில் பிரிட்டனின் அல்டிமார்க் நிறுவனத்தின் ஐ-பேக் 2 என்ற என்கோடரை வாங்கினேன். விலை அதிகம், யோசித்துத்தான் வாங்கினேன். 32 இணைப்புகள், ஸ்க்ரூ வைத்து இறுக்கும் முனைகள். இரண்டு ஆட்டக்காரரும் ஒரே போர்டில் இருப்பதால் வரிசை என்ற கேள்வியே எழவில்லை. இது தன்னைக் கீபோர்டாகக் காட்டிக்கொள்கிறது. முதல் ஆளுக்கு அம்புக்குறிகள், இடது கன்ட்ரோல், ஆல்ட், ஸ்பேஸ். இரண்டாவது ஆளுக்கு ஆர், எஃப், டி, ஜி. பழைய ஆர்க்கேட் விளையாட்டுகளைக் கணினியில் ஓட்டும் மேம் (MAME) எமுலேட்டர் இதே எழுத்துகளைத்தான் இயல்பாக எதிர்பார்க்கிறது, ஆகவே செட்டிங்ஸ் பக்கமே போகாமல் ஆட ஆரம்பித்துவிடலாம்.

இதிலும் ஒரு இடத்தில் தடுமாறினேன். நான்காவது பட்டன் இடது ஷிஃப்ட். விண்டோஸில் ஷிஃப்டை ஐந்து தடவை தட்டினால் ஸ்டிக்கி கீஸ் கேள்வி வந்து நிற்கும். இரண்டு விசையைச் சேர்த்து அழுத்த முடியாதவர்களுக்கான நல்ல வசதி அது. ஆர்க்கேட் ஆடும் கணினியில் மட்டும் அந்தக் குறுக்குவழியை அணைத்துவிடுங்கள். நான் அணைக்காமல் விட்டதால் தம்பி மகள் கடைசிக் கட்டத்தில் தோற்றாள், அதை இன்னும் சொல்லிக் காட்டுகிறாள்.

மூன்றாவது 2023-ல் தனியாகச் செய்த சின்னப் பெட்டி. ராஸ்பெர்ரி பை பிக்கோ என்ற சின்ன மைக்ரோகன்ட்ரோலர் போர்டில், அதை என்கோடராக்கும் ஜிபி2040-சிஇ என்ற திறந்த மூல நிரலை ஏற்றினேன். போர்டில் உள்ள பூட்செல் பட்டனைப் பிடித்துக்கொண்டு செருகினால் பென்டிரைவ் போலத் திறக்கும், கோப்பை இழுத்துப் போட்டால் முடிந்தது. எந்த முனைக்கு எந்த பட்டன் என்பதை பிரவுசரிலேயே மாற்றலாம். மூன்றில் மலிவு இதுதான். சால்டரிங் கை நன்றாகப் பழகியிருக்க வேண்டும். என் முதல் பிக்கோ இரண்டு முனைகள் ஒட்டிப்போய்ப் பாழானது. மேலும் இதைக் கேம்பேடாகத்தான் பயன்படுத்துகிறேன். பெரிய பலகையில் இப்படி இரண்டு போட்டால் வரிசைப் பிரச்சினை திரும்பவும் வரும். அதனால் அங்கே ஐ-பேக்கை மாற்றவில்லை.

வாங்கும் முன் இணைப்புகளை எண்ணிவிடுங்கள். இரண்டு ஜாய்ஸ்டிக்குக்கு 8, பட்டன்கள் 12, ஸ்டார்ட் 2, காசு போட்டதாகச் சொல்லும் காயின் பட்டன் 2, மொத்தம் 24. பின்பால் ஆட பக்கவாட்டில் இரண்டு பட்டன் பிறகு வைத்தேன், 32-ல் இடம் இருந்ததால் பிழைத்தேன்.

அப்புறம், பட்டன் வேலை செய்யாத நாளில் என்கோடரைக் கழற்றாதீர்கள். எல்லா பட்டனுக்கும் பொதுவான கிரவுண்ட் ஒயர் ஒரு பட்டனிலிருந்து அடுத்ததற்கு என்று சங்கிலியாகத்தான் போகிறது. நடுவில் ஒரு லக் (ஒயர் முனையில் உள்ள உலோகச் செருகி) கழன்றால் அதற்கு அப்பால் உள்ள அத்தனையும் செத்துவிடும். எனக்கு ஐந்து பட்டன் ஒரே நேரத்தில் போனது அப்படித்தான். சங்கிலியின் கடைசி முனையையும் போர்டின் கிரவுண்டுக்கே கொண்டுவந்து வளையமாக்கினேன். ஒரு முழ ஒயர்தான் கூடுதல் செலவு. அதற்குப் பிறகும் ஒரு லக் கழன்றிருக்கிறது. பலகையைத் திறந்து பார்த்தபோதுதான் தெரிந்தது.