85,000 ரூபாய்க்கு இடிதாங்கி போட்டோம், முதல் இடியிலேயே எல்லாம் கருகிவிட்டது

இன்னும் ஆத்திரம் அடங்கவில்லை, எழுத்துப் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். போன கிழமை பின்னேரம் திருகோணமலைப் பக்கம் எங்கள் நிலாவெளி வீட்டுக்குப் பக்கத்துத் தென்னையில் இடி விழுந்தது. டிவி, ரூட்டர், கிணற்று மோட்டர் மூன்றும் போய்விட்டன. ஓகஸ்டில்தான் 85,000 ரூபாய் கொடுத்து இடிதாங்கி போட்டோம். சீட்டு எடுத்த காசு.

முகநூலில் விளம்பரம் போட்டு, வீட்டுக்கே வந்து பொருத்தித் தரும் ஒரு விற்பனைப் பக்கம். வந்த தம்பி செருப்பை வாசலில் கழற்றிவிட்டு, அம்மாவிடம் தண்ணீர் வாங்கிக் குடித்தார். பையிலிருந்து செம்புப் பட்டியை எடுத்து விரித்தார். வெயிலில் மினுமினுத்தது, அம்மா தடவிப் பார்த்தார். "ஒக்டோபர், நவம்பர் இடிக்கு முதல் போட்டிடுங்க அக்கா. இனி டிவி பிளக்கைக்கூடக் கழற்றத் தேவையில்லை" என்றார் அந்தத் தம்பி. அந்தச் சொல்லை நம்பித்தான் முழுக் காசையும் அன்றைக்கே எண்ணிக் கொடுத்தேன்.

இடி விழுந்த மறுநாள் எங்கள் ஊர் வயரிங் அண்ணா வந்து, நிலத்தில் இறக்கிய எர்த் கம்பியைப் பிடித்து ஆட்டினார். கையோடு வந்துவிட்டது! இரண்டடிகூட இல்லை. எங்கள் பக்கத்து மணல் மேலே காய்ந்து கிடக்கும், அதில் மின்சாரம் லேசில் இறங்காது. ஈரம் உள்ள ஆழம்வரை கம்பி போகவேண்டும், போதாவிட்டால் இன்னும் இரண்டு மூன்று அடித்து இணைக்கவேண்டும். பிறகு மின்சாரம் நிலத்தில் இறங்க எவ்வளவு தடை இருக்கிறது என்று மீட்டர் வைத்து அளந்து, 10 ஓமுக்குள் (ஓம் என்பது தடையின் அளவு) வருகிறதா என்று பார்க்கவேண்டுமாம். அந்தத் தம்பி மீட்டரே கொண்டுவரவில்லை. சுவரில் இறங்கிய பட்டியை அண்ணா கத்தியால் சுரண்டினார். செம்பு நிறம் உரிந்து உள்ளே இரும்பு தெரிந்தது, காந்தமும் ஒட்டியது.

அதைவிடப் பெரிய பொய் பிளக் கதைதான். நல்ல இடிதாங்கி கட்டடத்தைத்தான் காக்குமாம். பக்கத்தில் விழும் இடி கரண்ட் வயர், போன் வயர் வழியாக உள்ளே வரும். அதற்கு மெயின் போர்ட்டில், திடீரென்று பாயும் அதிக மின்சாரத்தை நிலத்துக்குத் திருப்பிவிடும் சேர்ஜ் புரொடெக்டர் தனியாகப் போடவேண்டும்.

விற்றவர்களுக்குப் போன் எடுத்தேன். முதல் நாள், "டெக்னீஷியன் கிண்ணியாவில் வேலையில் நிக்கிறார்". அடுத்த நாள், "பில்லைப் படம் எடுத்து அனுப்புங்க". அனுப்பினேன். "இடி இயற்கை அனர்த்தம் அக்கா, அதுக்கு வொரண்டி இல்லை" என்று பதில் வந்தது. இடிக்குத்தானே 85,000 வாங்கினீர்கள் என்று கேட்டேன். என்னை புளொக் பண்ணிவிட்டார்கள்.

எதைப் பார்த்து வாங்கவேண்டும் என்று விரிவாக எழுதத்தான் தொடங்கினேன், இப்போது முடியவில்லை. மீட்டரில் அளந்து காட்டாமல் காசு கொடுக்காதீர்கள். செம்பு என்றால் சுரண்டிப் பாருங்கள். இடிதாங்கி இருந்தாலும் வானம் இருண்டதும் பிளக்கைக் கழற்றுங்கள். மோட்டர் இல்லாமல் அம்மா வாளியால் தண்ணீர் அள்ளிக்கொண்டிருக்கிறார், நான் போகவேண்டும்.