தடைக்காலத்துல கூலர் வேலைக்கு விடுற போட்டுக்காரங்க இதைப் படிச்சிட்டு விடுங்க

ஏப்ரல் 15 ஆனா நம்ம கிழக்குக் கரையில 61 நாளைக்கு மீன்பிடித் தடை, விசைப்படகு எல்லாம் கரையில. இன்ஜின் வேலை பாக்குற சீசனும் அதுதான். பட்டறையில வேலை குமிஞ்சு கிடக்கும், நமக்கோ ஜூன் 14 நள்ளிரவுக்குள்ள எல்லாம் முடியணும். இந்த அவசரத்தை வச்சுத்தான் என்னை ஏமாத்தினாங்க. பட்டறைப் பேரைப் போடல, நுகர்வோர் ஆணையத்துல மனு நிலுவையில இருக்கு. ஏமாத்துற விதம் தெரிஞ்சா எந்தப் பட்டறையா இருந்தாலும் நீங்களே பிடிச்சிடலாம்.

ரசீதுல எழுதினது: ஹீட் எக்ஸ்சேஞ்சர் (கூலன்ட்டோட சூட்டைக் கடல்தண்ணிக்குக் கடத்துற கூலர்) கழட்டி டியூப் சுத்தம் பண்ணது, இம்பெல்லர் (கடல்தண்ணி பம்புல சுத்துற ரப்பர் இறகுச் சக்கரம்), ஜிங்க் (கூலரை அரிப்பு தின்னாம தான் கரையுற துத்தநாகக் கட்டி), தெர்மோஸ்டாட் (சூடு ஏறினதும் திறந்து கூலன்ட்டைக் கூலருக்கு விடுற வால்வு) மூணும் புதுசு, கூலன்ட் (இன்ஜினுக்குள்ள சுத்திக் குளிர வைக்கிற திரவம்) மாத்தினது. உண்மையில நடந்தது இம்பெல்லர் ஒண்ணுதான். மத்ததுக்கெல்லாம் பதிலா பளபளன்னு பச்சை பெயின்ட்.

டெலிவரி அன்னிக்கு போட்டை ஜெட்டியில கட்டி வச்சபடியே இன்ஜினை ஓட்டிக் காட்டினாங்க. "பாருங்கண்ணே, முள்ளு 75 தாண்டல"ன்னு மீட்டரைக் காட்டினார் மெக்கானிக். டெம்பரேச்சர் கன்னை (தொடாமலே சூட்டை அளக்குற கருவி) எடுத்து கூலர் மூடியில அடிச்சு 40 சொச்சம்னும் காட்டினார். அந்த மூடி கடல்தண்ணி போற பக்கம்! அங்க சூடு எங்கிருந்து வரும்? போதாததுக்கு அது தேய்ச்சு மினுக்கின பித்தளை. மினுக்குற உலோகத்துல கன் அடிச்சா நிஜ சூட்டைவிடக் குறைச்சுத்தான் காட்டும்.

கடலுக்குப் போய் வலையை விட்டு இழுக்க ஆரம்பிச்ச கொஞ்ச நேரத்துல கூலன்ட் டேங்க் மூடி வழியா ஆவி பீச்சி அடிச்சிருக்கு. அப்பவும் முள்ளு 75-லயே நின்னுச்சுன்னு டிரைவர் சொன்னார். இன்ஜின் ஹெட்டுக்கு அடியில இருக்கிற கேஸ்கட் போச்சு. பக்கத்துல தொழில் பண்ணிட்டிருந்த போட்டு கட்டி இழுத்துட்டு வந்துச்சு. ஐஸ், டீசல், ஆளுங்க படி எல்லாம் நஷ்டம்.

வேற மெக்கானிக்கை வச்சுப் பிரிச்சோம். மீட்டருக்குப் பின்னால, இன்ஜின் சூட்டை அளக்குற சென்சாரோட வயர்ல கறுப்பு டேப் சுத்தின ஒரு முடிச்சு. டேப்பை உரிச்சா உள்ள அரிசி அளவுல ஒரு ரெசிஸ்டர், அதாவது மின்தடையைக் கூட்டுற பாகம். சென்சார் சூடாக ஆக அதோட மின்தடை குறையும், அதை வச்சுத்தான் முள்ளு ஏறும். நடுவுல ஒரு ரெசிஸ்டரைச் சேர்த்துட்டா எவ்வளவு கொதிச்சாலும் முள்ளு கீழயே நிக்கும். சும்மா அலட்சியத்துல வந்த வேலையில்ல இது, உக்காந்து யோசிச்சு செஞ்சது.

தெர்மோஸ்டாட் புதுசும் இல்ல, பழசும் இல்ல, உருவிட்டாங்க. லோடு இல்லாத ஓட்டத்துல அப்படி இன்ஜின் ஜில்லுன்னு இருக்கும், பாக்குறவனுக்குத் திருப்தி. லோடு ஏறினா கதை வேற. சில இன்ஜின்ல தெர்மோஸ்டாட்தான் பைபாஸையும் (கூலருக்குப் போகாம சுத்துற குறுக்கு வழி) மூடணும்; எடுத்துட்டா சூடான தண்ணி பாதி கூலருக்குப் போகாமலே சுத்தும். கூலர் மூடி போல்ட்ல பழைய பெயின்ட் விரிசலே விடல, அதுக்கு மேல புதுசு அடிச்சிருக்கு. உள்ள டியூப் வாயில பழைய இம்பெல்லரோட ரப்பர் இறகுத் துண்டுங்க சொருகிக்கிட்டு நின்னுச்சு. இறகு போன இம்பெல்லரை மாத்துறவங்க, போன துண்டு எங்கன்னு தேட வேணாமா? ஜிங்க் பிளக்கைத் திருப்பினா பித்தளைத் தலை மட்டும் வந்துச்சு.

வேலை முடிஞ்சு போட்டை எடுக்கும்போது ஜெட்டி ஓட்டத்தை நம்பாதீங்க. முகத்துவாரம் தாண்டி லோடு கொடுத்து ஓடவிட்டு, அரை மணி நேரம் கழிச்சு கன்னை எடுங்க. அளக்குற இடத்துல மங்கலான கறுப்பு இன்சுலேஷன் டேப் ஒட்டிக்கங்க. ரப்பர் ஹோஸ்ல அடிக்காதீங்க, அது உள்ள இருக்கிற சூட்டை மறைக்கும்.

முதல்ல தெர்மோஸ்டாட் ஹவுசிங். கூலன்ட் சுத்துற இன்ஜின்ல தெர்மோஸ்டாட் மேலயே 71, 77, 82 மாதிரி ஒரு எண் அடிச்சிருக்கும், திறக்க ஆரம்பிக்கிற சூடு அது. லோடுல பொதுவா 75-க்கும் 90-க்கும் நடுவுல நிக்கணும். உங்க இன்ஜின் மேனுவல் சொல்றதுதான் கடைசி வார்த்தை. கடல்தண்ணியே நேரா சுத்துற பழைய இன்ஜினுக்கு 55, 60 தான் கணக்கு. அதுக்கு மேல போனா உள்ள உப்பும் சுண்ணாம்பும் படியும். சென்சார் அடியிலயும் அடிச்சுப் பாத்து மீட்டரோட ஒப்பிடுங்க. ரெண்டுக்கும் பெரிய வித்தியாசம் இருந்தா வயரைத் தடவிப் பாருங்க.

அடுத்து கூலர்ல கடல்தண்ணி நுழையுற இடம், வெளிய வர்ற இடம். நம்ம கடல்தண்ணி 28, 30-ல உள்ள வரும். இன்ஜின் கொதிக்குது, வெளிய வர்ற தண்ணியும் ரொம்ப சுடுதுன்னா தண்ணி பத்தல; இம்பெல்லர், ஸ்ட்ரெய்னர் (கடல்தண்ணி வடிகட்டி), உறிஞ்சுற பைப்பைப் பாருங்க. இன்ஜின் கொதிக்குது, ஆனா தண்ணி கொஞ்சம்கூட சூடேறாம நிறைய வெளிய போகுதுன்னா டியூப்ல படிவு, சூடு கைமாறல. கூலன்ட் கூலருக்குள்ள போறப்ப கொதிச்சு, வெளிய வர்றப்ப ரொம்ப ஆறியிருந்தா கூலன்ட் ஓட்டமே குறைவு; பெல்ட், பம்பு, சிக்கிக்கிட்ட தெர்மோஸ்டாட். இந்த அளவை இன்ஜின் நல்லா ஓடுறப்பவே எடுத்து இன்ஜின் ரூம் சுவத்துல எழுதி வச்சிடுங்க. நான் சொல்ற எந்த எண்ணைவிடவும் உங்க இன்ஜினோட அந்த எண்ணுதான் உதவும்.

தெர்மோஸ்டாட் புதுசுன்னா பொருத்துறதுக்கு முன்னாடி வெந்நீர்ல போட்டு, தெர்மாமீட்டர் வச்சு உங்க கண்ணு முன்னால திறந்து காட்டச் சொல்லுங்க. ரெண்டு நிமிஷ வேலை. முகம் சுளிக்கிற பட்டறையில வேலை கொடுக்காதீங்க. மாத்தின பழைய பாகம் அத்தனையும் சாக்குல போட்டுக் கேட்டு வாங்கிக்கங்க.

போட்டு வியாபாரத்துக்கு உள்ளது, நுகர்வோர் வழக்கு செல்லாதுன்னு என்கிட்டயும் ஒருத்தர் சொன்னார். சொந்தமா தொழில் செஞ்சு பிழைக்கிறதுக்கு வச்சிருக்கிறதை 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் விலக்கல. ரெண்டு வருஷத்துக்குள்ள மாவட்ட ஆணையத்துல போடணும், வக்கீல் கட்டாயமில்ல, கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள்ளன்னா கட்டணமும் இல்ல. வழி கேக்க தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்கு போன் அடிங்க. இன்ஜினைப் பிரிக்கிறதுக்கு முன்னாடி பழைய பட்டறைக்காரரைக் கூப்பிட்டேன், வரல. போல்ட் திருப்பினதுல இருந்து ரெசிஸ்டர் வரைக்கும் வீடியோ எடுத்து, பிரிச்ச மெக்கானிக்கிட்ட கையெழுத்தோட அறிக்கையும் வாங்கி மனுவோட கொடுத்திருக்கேன்.