மாம்பலம் ஸ்டேஷன், ஆகாய நடைமேம்பாலம்: கையில் மூட்டையோடு போகிறவர்களுக்காக

குரோம்பேட்டையில் வீட்டிலேயே ஜாக்கெட் தைத்துக் கொடுக்கிறேன். லைனிங் துணி, நூல்கண்டு, ஆரி வேலைக்கு வேண்டிய மணி, கல் எல்லாம் தி.நகரில்தான் வாங்குவது. மாதத்தில் இரண்டு மூன்று தடவை மாம்பலத்தில் இறங்குவேன். போகும்போது வெறும் கை, திரும்பும்போது இரண்டு கையிலும் மூட்டை. அதனால் ஒரு ஸ்டேஷன் நல்லதா இல்லையா என்பதைத் திரும்பும் வழியை வைத்துத்தான் சொல்வேன்.

கோடம்பாக்கத்துக்கும் சைதாப்பேட்டைக்கும் நடுவில் இருக்கிறது மாம்பலம். தண்டவாளத்துக்கு மேற்கே இறங்கினால் மேற்கு மாம்பலம். காய்கறி, கோயில், அயோத்தியா மண்டபம் என்று வீட்டு வாசம் அடிக்கும் பக்கம். கிழக்கே இறங்கினால் எடுத்த எடுப்பில் ரங்கநாதன் தெரு. சென்னையில் வேறெந்த ஸ்டேஷனும் இப்படி நேராகக் கடை வாசலில் கொண்டுபோய் இறக்கிவிடுவதாக எனக்குத் தெரியவில்லை. இந்தத் தி.நகரே 1920களில் மாம்பலம் ஏரியைத் தூர்த்து உண்டாக்கிய ஊர்தான். தியாகராய செட்டியார் பேரை வைத்தார்கள். ரயில் பாதை அதற்கும் முந்தியது.

என் மாமியார் இன்றைக்கும் லோக்கல் ரயிலை 'எலெக்ட்ரிக் ட்ரெயின்' என்றுதான் சொல்வார். பீச்சிலிருந்து தாம்பரம் வரை 1931இல் மின்சார ரயில் விட்டபோது வந்த பேர், இன்னும் போகவில்லை. அவர் காலத்தில் ஓடியது மீட்டர் கேஜ். தண்டவாளத்தின் அகலம் ஒரு மீட்டர்தான், பெட்டியும் ஒடுக்கம். 2004இல் அதை நிறுத்திவிட்டார்கள். இப்போது முழுக்க அகலப்பாதை. நான் கல்யாணமாகி வந்தது அதற்கு அப்புறம் என்பதால் அந்தச் சின்ன வண்டியில் ஏறவே இல்லை. அந்த வருத்தம் எனக்கு உண்டு.

சரி, பாலத்துக்கு வருகிறேன். 2023 மே மாதம் திறந்தார்கள். ஸ்டேஷன் நடைமேம்பாலத்தில் தொடங்கி தி.நகர் பஸ் நிலையம் வரை 570 மீட்டர் நீளம், 4.2 மீட்டர் அகலம். மாநகராட்சி கட்டியது. லிஃப்ட்டும் எஸ்கலேட்டரும் உண்டு.

அது எதற்கு உதவும் என்று போன தீபாவளிக்கு முந்தின வாரம்தான் முழுசாகப் புரிந்தது. ஒரு கடையில் கொடுத்த பையின் காது பாலத்தின் நடுவில் அறுந்துவிட்டது. உள்ளே இருந்த மணிப் பாக்கெட் ஒன்று பிரிந்து, அரக்குக் கலரில் கடுகளவு மணிகள் தரையெல்லாம் ஓடின. கைப்பிடிச் சுவர் ஓரமாக உட்கார்ந்து பொறுக்க ஆரம்பித்தேன். கல்லூரிப் பெண் ஒருத்தி, "ஆன்ட்டி, கையால எடுக்காதீங்க, இதுல ஒட்டுங்க" என்று பையிலிருந்து செல்லோ டேப்பை எடுத்துக் கொடுத்தாள். டேப்பை ஒட்டி ஒட்டி எடுத்ததில் முக்கால்வாசி மணி திரும்பி வந்தது. லைனிங் துணியின் கரையில் ஒரு விரற்கடை கிழித்து, பைக்குக் காது மாதிரி முடிந்துகொண்டேன். பத்து நிமிஷம் ஆகியிருக்கும். யாரும் என்னை மிதிக்கவில்லை, "நகரும்மா" என்றும் சொல்லவில்லை. இதே காரியம் கீழே ரங்கநாதன் தெருவில் நடந்திருந்தால் மணியை விடுங்கள், குனிந்திருக்கவே முடியாது. தீபாவளிக் கூட்டத்தில் அங்கே நிற்க முடியாது, தள்ளிக்கொண்டே போகும். பாலத்தில் நிற்கலாம். மூட்டையைக் கீழே வைத்துவிட்டு மூச்சு வாங்கலாம். எனக்கு அதுவே பெரிசு.

ரங்கநாதன் தெருவில் மட்டும்தான் வேலை என்றால் பழைய வழியிலேயே இறங்குங்கள், சுருக்கு. உஸ்மான் ரோடு போகவேண்டும், பஸ் மாறவேண்டும், கூடப் பெரியவர்களோ குழந்தையோ இருக்கிறார்கள் என்றால் பாலம்தான். 570 மீட்டர் என்பது முட்டி வலிக்காரர்களுக்குக் கொஞ்சம் தூரம்தான், அவசரம் இல்லாமல் நடக்கவேண்டும். நான் இப்போது வாங்கும் வரிசையையே மாற்றிக்கொண்டேன். முதலில் ரங்கநாதன் தெருவில் நூல், மணி. கனமான லைனிங் துணியைக் கடைசியில் உஸ்மான் ரோடு பக்கம் வாங்கிக்கொண்டு, அந்த முனையிலேயே மேலே ஏறி ஸ்டேஷனுக்கு வந்துவிடுகிறேன்.

ஆடி பிறந்ததும் மாமியாரைக் கூட்டிப்போகிறேன். கூட்டத்துக்குப் பயந்து அவர் தி.நகர் பக்கம் வந்தே பல வருஷம் ஆகிறது.