நாய்ப் பயிற்சியாளர் கோர்ஸ்ல 18,500 ரேண்ட் போச்சு: டர்பன்காரங்க காசு கட்டுறதுக்கு முன்னாடி படிங்க

கோபத்தோடதான் எழுதுறேன். ஆறின பிறகு எழுதினா பாதி விட்டுப்போகும். தென்னாப்பிரிக்காவில டர்பனுக்கு வெளியே, நாய்களைத் தங்க வைக்கிற கென்னலும் சேர்த்து நடத்துற ஒரு பயிற்சிப் பள்ளி. பேரைப் போடல, போட்டா இந்தப் பதிவையே தூக்கிடுவாங்க. தங்கச்சி மகனுக்காகக் கட்டின 18,500 ரேண்ட் அங்கே மாட்டிக்கிட்டு நிக்குது. 12 வாரம், 120 மணி நேரம் நேரடிப் பயிற்சி, முடிச்சா சான்றிதழ்னு விளம்பரம். சேரலாமா வேண்டாமான்னு யோசிக்கறவங்களுக்காக, கேட்க வேண்டிய பத்துக் கேள்வியைக் கடைசியில போடுறேன்.

ஆபீஸ்ல இருந்த அம்மா தமிழ் பேசினாங்க. நாங்க சாட்ஸ்வொர்த் (டர்பன்ல நம்ம ஆளுங்க நிறைய இருக்கற பகுதி)னு சொன்னதும் எந்த யூனிட், எந்தக் கோயில்னு விசாரணை. "அண்ணா, நம்ம பிள்ளை, நாங்க பாத்துக்க மாட்டோமா? இன்னிக்கே கட்டிட்டா இடம் உறுதி." பக்கத்துல ஒரு கோல்டன் ரெட்ரீவர். விரலை அசைச்சா உட்காருது, கையைத் தாழ்த்தினா படுக்குது. கார்டு மிஷின் நீண்டுச்சு, 18,500 போயிடுச்சு.

அந்த நாய்லதான் விஷயமே இருக்கு.

வகுப்பு சனிக்கிழமை ரெண்டு மணி நேரம். முதல் ஒரு மணி ஸ்லைடு. மிச்ச ஒரு மணிக்கு 14 பிள்ளைங்க, மூணு நாய். ஆளுக்கு 13 நிமிஷம் வரும். 12 வாரத்தையும் கூட்டினாலும் மூணு மணி நேரம் தேறாது. அப்போ அந்த 120 எங்கேன்னு கேட்டா, வார நாள்ல கூண்டு கழுவுறது, தண்ணி வைக்கறது, தங்க வந்த நாய்களோட பீ அள்ளுறது எல்லாம் 'நேரடிப் பயிற்சி'யாம். கூண்டு சுத்தம் தெரியணும்தான். நாய்க்குட்டிங்களைக் கொல்ற பார்வோ வைரஸுக்கு முதல்ல அழுக்கைத் தேய்ச்சு எடுக்கணும், அப்புறம் ஜிக் (ப்ளீச்) கலந்த தண்ணியை ஊத்திப் பத்து நிமிஷம் ஊற விடணும். அழுக்கு மேலயே ஊத்தினா ஜிக் செத்துப்போகும், வைரஸ் சாகாது. அங்கே அதையும் சொல்லிக் கொடுக்கல, ஹோஸ் பைப்பை மட்டும் கையில கொடுத்தாங்க. சம்பளம் கொடுத்துச் செய்ய வேண்டிய வேலையை நம்மகிட்ட காசு வாங்கிக்கிட்டுச் செய்ய வைக்கறாங்க.

இப்போ அந்த மூணு நாய்க்கு வரேன். மூணும் பள்ளியோட சொந்த நாய், எல்லாம் ஏற்கெனவே பழகினது. ஒரு புது நாய்க்கு 'சிட்' கத்துக்கொடுக்கறதைப் பாருங்க. தீனியை மூக்குக்கிட்ட காட்டி, தலைக்கு மேல பின்பக்கமா மெதுவா நகர்த்தணும். பின்புறம் தரையைத் தொடுற அந்தக் கணத்துல கிளிக் (கையில வச்சு அழுத்தினா 'டிக்'னு சத்தம் போடுற சின்னக் கருவி), ஒண்ணு ரெண்டு நொடிக்குள்ள தீனி வாயில. கிளிக் தாமதமாகி நாய் எழுந்திருக்கும்போது விழுந்தா, எழுந்திருக்கறதுக்குத்தான் தீனின்னு அது புரிஞ்சுக்கும். அஞ்சாறு தடவை தீனியோட செஞ்சதும் அதே சைகையை வெறுங்கையில காட்டணும், தீனி இடுப்புப் பையிலேர்ந்து வரணும். இந்தப் படியைத் தாண்டாம விட்டா, கையில தீனி இருந்தாத்தான் உட்காரும்.

புது நாய்னா தப்பு உடனே தெரிஞ்சிடும். குழம்பும், குரைக்கும், திரும்பிப் போயிடும். பழகின நாய் நம்ம தப்பை மூடி மறைச்சுடும். கிளிக் லேட்டானாலும் உட்காரும், கிளிக்கே இல்லாட்டியும் உட்காரும். பிள்ளைங்க வேலை வந்துடுச்சுன்னு நினைச்சுக்கும். அப்புறம் ஃபீனிக்ஸ் ஏரியாவுல யார் வீட்டு கேட்லயோ 60 கிலோ பூர்புல் காவல் நாய் கயிறோட சேர்த்து ஆளை இழுத்துக்கிட்டுப் போகும்.

நம்ம பக்கத்துல பயிற்சியாளரைக் கூப்பிடறதே பெரும்பாலும் ரெண்டு விஷயத்துக்கு: கேட்ல குரைப்பு, தீபாவளிப் பட்டாசு. பட்டாசு பயத்துக்கு மாசக்கணக்கா முன்னாடியே தொடங்கணும். பதிவு பண்ணின வெடிச் சத்தத்தை, நாய் தீனியை விடாம சாப்பிடற அளவு சன்னமா வச்சு, வாரா வாரம் கொஞ்சம் கொஞ்சமா ஏத்தணும். சாப்பிடறதை நிறுத்தினா சத்தத்தை ஏத்தினது அதிகம், ஒரு படி இறங்கணும். இதுக்கு அந்தக் கோர்ஸ்ல ஒரே ஒரு பக்க பிடிஎஃப். கயிறு இழுக்கற நாய்க்கு? கழுத்துல சங்கிலி மாட்டி ஒரு வெட்டு இழு. அவ்வளவுதான் பாடம்.

சான்றிதழ் கதை இன்னும் மோசம். வீட்டு நாய்க்குப் பயிற்சி கொடுக்க இந்த நாட்டுல லைசென்ஸ் எதுவும் தேவையில்ல, அதனால யார் வேணும்னாலும் சான்றிதழ் அச்சடிக்கலாம். 'சாக்வா அங்கீகாரம்' (சாக்வான்னா இந்த நாட்டோட கல்வித்தகுதி ஆணையம்) இருக்குன்னு சொன்னாங்க, பதிவு எண் கேட்டேன், இன்னி வரைக்கும் வரல. சிபிடிடி-கேஏன்னு நாய்ப் பயிற்சியாளர்களுக்கு ஒரு சர்வதேசத் தேர்வு இருக்கு, அதை எழுத உட்காரவே கடைசி மூணு வருஷத்துல 300 மணி நேரம் பயிற்சி கொடுத்திருக்கணும். இங்கே மூணு மணி நேரத்துல 'மாஸ்டர் ட்ரெய்னர்'. செக்யூரிட்டி கம்பெனியில நாயோட வேலைன்னா அது வேற பாதை, பி.எஸ்.ஐ.ஆர்.ஏ. (தனியார் பாதுகாப்புத் துறையைக் கட்டுப்படுத்தற அமைப்பு) பதிவு கட்டாயம், இந்தக் காகிதம் அங்கே செல்லாது.

பணத்தைத் திருப்பிக் கேட்டதும் தமிழ் நின்னுபோச்சு. மேனேஜர் கேப்டவுன்ல இருக்கார். மெயில் போடுங்க. மெயில் வரலையே, மறுபடி போடுங்க. திங்கக்கிழமை கூப்பிடறோம். வாட்ஸ்அப்ல நீல டிக் விழுது, பதில் இல்ல. கடைசியா வந்தது: கட்டணம் திருப்பித் தரப்படாது, வேணும்னா அடுத்த பேட்ச்ல சேருங்க, உங்க பையனுக்குத்தான் ஆர்வம் குறைவு. 18,500 வாங்கி வச்சுக்கிட்டு பையன் மேல பழி.

பத்துக் கேள்வின்னு சொன்னேன், இப்போ கை ஓடல. முக்கியமானது மட்டும். ஒரு நாய்க்கு எத்தனை பிள்ளைங்கன்னு கேளுங்க, ரெண்டு மூணுக்கு மேலன்னா வேண்டாம். பழகாத நாய், எஸ்.பி.சி.ஏ. (விலங்குக் காப்பகம்) நாய், வாடிக்கையாளர் நாய், ஏதாவது பிள்ளைங்க கையில வருதான்னு ஒரு வகுப்பு உட்கார்ந்து பாருங்க. பார்க்க விடலன்னா கிளம்பிடுங்க. மொத்தமாக் கட்டாதீங்க, மாசா மாசம் கட்டுங்க. அவங்களே போன் பண்ணிப் பிடிச்சிருந்தா, 2008 நுகர்வோர் சட்டப்படி அஞ்சு வேலை நாளுக்குள்ள எழுத்துல ரத்து பண்ணலாம். நாங்க நேர்ல போனதால அது எங்களுக்கு உதவல. 20,000 ரேண்ட் வரைக்கும் சிறு கோரிக்கை நீதிமன்றம் இருக்கு, வக்கீல் வேண்டாம், முதல்ல 14 நாள் கெடு வச்சு கடிதம் கொடுக்கணும். என் கடிதம் இன்னிக்குக் காலையில போயிருக்கு. இதே மாதிரி இடத்துல கட்டின ரசீது யார்கிட்டயாவது இருந்தா எனக்கு மெசேஜ் பண்ணுங்க.