வேலூரில் பழைய காரை உடைக்கக் கொடுப்போர் கவனத்துக்கு

என் மாருதி 800 காரின் 15 ஆண்டுப் பதிவுக் காலம் 2022 செப்டம்பரில் முடியவிருந்தது. அவ்வாண்டு ஏப்ரல் முதல் பதிவைப் புதுப்பிக்கும் கட்டணம் 5,000 ரூபாயாக உயர்ந்துவிட்டதால், தகுதிச் சான்றுக்கு (எப்.சி.) காட்டித் தொடர்ந்து ஓட்டுவதா, வந்த விலைக்கு விற்பதா, காயலான் கடைக்குப் போட்டுவிடுவதா என்று முடிவெடுக்க முடியாமல், வேலூரில் ஒரு பட்டறையில் வண்டியைக் காட்டினேன்.

பட்டறைக்காரர் எஞ்சின் ஆயில் மூடியைத் திருகி எடுத்து என் கையில் கொடுத்தார். அதன் உட்புறம் முழுவதும் வெண்ணெய் தடவியதுபோல் வெளிர்மஞ்சள் பசை படிந்திருந்தது. "ஹெட் காஸ்கெட் போயி தண்ணி உள்ள இறங்கிடுச்சு சார். எஞ்சினைப் பிரிச்சா நாற்பதாயிரத்துக்குக் குறையாது. வண்டியே அவ்வளவு போகாது" என்றார். எஞ்சினில் தண்ணீரும் ஆயிலும் கலந்துவிடாமல் தடுக்கும் அடைப்புத் தகடுதான் ஹெட் காஸ்கெட். கண்ணால் பார்த்ததை நான் எப்படிச் சந்தேகிப்பேன்? மறுநாள் காலையிலேயே, அவர் அனுப்பியதாகச் சொல்லிக்கொண்டு ஒரு புரோக்கர் வீட்டுக்கு வந்தார். வண்டியை உடைத்துவிடுவதாகவும், பதிவு ரத்துக்கான வேலைகளைத் தாமே பார்த்துக்கொள்வதாகவும் கூறி, 11,000 ரூபாய் கொடுத்து, ஆர்.சி. புத்தகத்தையும் நிரப்பப்படாத படிவங்கள் சிலவற்றில் என் கையெழுத்தையும் வாங்கிச் சென்றார்.

ஐந்து மாதம் கழித்து, சீட் பெல்ட் அணியாததற்காக 1,000 ரூபாய் அபராதம் என்று என் கைபேசிக்குக் குறுஞ்செய்தி வந்தது. இணைத்திருந்த படத்தில், ஆரணி சாலையில் என் கார் ஓடிக்கொண்டிருந்தது. பின்கண்ணாடியின் மூலையில் என் மகள் ஒட்டிய வண்ணத்துப்பூச்சிகூட அப்படியே இருந்தது.

தண்ணீர் இறங்கியதாகச் சொல்லப்பட்ட எஞ்சின் எப்படி ஓடியது என்று வேறொரு மெக்கானிக்கிடம் கேட்டபோதுதான் எனக்கு விளங்கியது. என் வண்டிபோல், காந்தி நகரிலிருந்து காட்பாடி ரயில் நிலையம்வரை என்று குறுகிய தூரம் மட்டும் ஓட்டப்படும் வண்டியில் எஞ்சின் முழுமையாகச் சூடேறுவதில்லை. உள்ளே தங்கும் ஈரம் ஆயிலோடு கலந்து மூடியில் இப்படிப் பசையாகப் படியக்கூடும். ஆயில் அளவுக் கம்பியை உருவி அதிலுள்ள ஆயிலும் பால் கலந்ததுபோல் வெளுத்திருக்கிறதா, ரேடியேட்டர் தண்ணீர் காரணமின்றிக் குறைகிறதா, புகைபோக்கியில் வெண்புகை விடாமல் வருகிறதா என்று பார்த்து, எஞ்சினுள் அழுத்தம் சரியாக இருக்கிறதா என்று அளக்கும் கம்ப்ரஷன் சோதனையும் செய்த பிறகே காஸ்கெட் போனதாக முடிவுக்கு வர வேண்டுமாம். என் வண்டியில் இவற்றில் ஒன்றைக்கூட யாரும் பார்க்கவில்லை.

ஏமாந்த பணத்தைவிட என்னை அதிகம் அச்சுறுத்துவது வேறு. பதிவேட்டில் யார் பெயர் இருக்கிறதோ அவரே உரிமையாளர், விபத்து இழப்பீட்டுக்கும் அவரே பொறுப்பு என்று 2018இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. அந்தக் காரின் காப்பீடும் காலாவதியாகிவிட்டது. அது யார் மீதாவது மோதினால் நீதிமன்றப் படியேற வேண்டியவன் நான்தான்.

ஆகவே, உடைக்கக் கொடுப்பவர்கள் அரசிடம் பதிவு பெற்ற வாகன உடைப்பு மையத்திலேயே ஒப்படைத்து, வண்டியை ஒப்படைத்ததற்கான வைப்புச் சான்றிதழையும் உடைத்ததற்கான உடைப்புச் சான்றிதழையும் கையில் வாங்குங்கள். வாகனம் அழிக்கப்பட்டால் 14 நாட்களுக்குள் ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்குத் தெரிவித்து ஆர்.சி.யை ஒப்படைக்க வேண்டியது உரிமையாளரின் கடமை என்று மோட்டார் வாகனச் சட்டமே சொல்கிறது. அதைப் புரோக்கர் பொறுப்பில் விடாதீர்கள். விற்பதாக இருந்தால், வாங்குபவரின் பெயரும் முகவரியும் எழுதப்படாத, பெயர் மாற்றத்துக்கான 29, 30ஆம் படிவங்களில் கையெழுத்திடாதீர்கள்.

புரோக்கரின் எண் இப்போது அணைத்து வைக்கப்பட்டிருக்கிறது. பட்டறைக்காரரோ அவரைத் தமக்குத் தெரியவே தெரியாது என்கிறார். காவல் நிலையத்தில் புகார் கொடுத்து, அதைப் பெற்றுக்கொண்டதற்கான சி.எஸ்.ஆர். ரசீது வாங்கி, அதன் நகலுடன் ஆர்.டி.ஓ. அலுவலகத்திலும் மனு அளித்திருக்கிறேன். நேற்று இரவு பார்த்தபோதும் அரசின் வாகனப் பதிவு இணையதளமான பரிவாகனில் அந்த வண்டி என் பெயரிலேயே இருந்தது.