ஆயில் குச்சியா, ஸ்கேனரா?

பழைய ஆட்டோமேட்டிக் கார், பாம்பன் பாலம் ஏறும்போது இன்ஜின் இரைகிறது, வேகம் மட்டும் கூடவில்லை. நான் முதலில் கியர் ஆயில் குச்சியைத்தான் உருவுவேன். காசு செலவில்லை. அதில் ஒட்டிவரும் ஆயில் சிவப்பாக இருந்தால் பாதி நிம்மதி. கருத்துப்போய்த் தீய்ந்த வாடை அடித்தால் உள்ளே கிளட்ச் தட்டுகள் தேய்ந்திருக்கும். பால் கலந்தது போல இளஞ்சிவப்பாக இருந்தால் ரேடியேட்டர் தண்ணீர் ஆயிலில் கலந்துவிட்டது. அப்புறம் வண்டியை ஓட்டவே கூடாது. (சில மாடல்களில் குச்சியே கிடையாது, அது தனிக் கொடுமை.)

சோலனாய்டு (கியர் ஆயில் ஓட்டத்தைத் திறந்து மூடும் மின்வால்வு), சென்சார் பழுதைக் குச்சி காட்டாது, அதற்கு ஸ்கேனர், அதாவது கார் கணினியில் பதிவான பழுது எண்ணைப் படிக்கும் கருவி. பி0700 என்ற எண் வந்தால் கியர்பெட்டிப் பக்கம் ஏதோ கோளாறு, அவ்வளவுதான். கூட வரும் எண்ணைப் பாருங்கள். ஆனால் மண்டபம், கீழக்கரை உப்புக்காற்றில் ஒயர்களை இணைக்கும் கனெக்டர் பச்சை பூத்தாலும் பழுது எண் வரும். சரி, முதலில் அதைக் கழற்றித் துடைக்கச் சொல்லுங்கள்.